மண்ணுக்கடியில் ஒரு பேரேடு

சென்ற சில வருஷங்களாக நம் வட்டத்துக் கவிதைகளில் வேர்கள் அதிகமாகக் கைகோத்துக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் வேர் என்றால் மரபு. அதற்கும் முன்னால், நகரத்துக்கு வந்துவிட்டவனின் ஊர் ஏக்கம். இப்போது வேர் என்றால் தோழமை. மண்ணுக்கடியில் மரங்கள் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் கன்றுகளுக்குப் பாலூட்டுகிறது, வெட்டுண்ட அடிக்கட்டையை அண்டை மரங்கள் சாகவிடாமல் காப்பாற்றுகின்றன. மேலே நாம்தான் தனித்தனியாக நின்று பட்டுப்போகிறோம். இதைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. கம்பத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அங்கே இதே விஷயத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை வாசித்தேன். 'காட்டின் அறம்' என்று தலைப்பு. நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் கண்கலங்கவும் செய்தார். அந்தக் கட்டுரையை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காரணம் இரண்டு. ஒன்று விஞ்ஞானம் சம்பந்தப்பட்டது. மற்றது சொந்த விஷயம், பின்னால் வரும்.

அந்தக் கட்டுரை பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மழை விட்ட காலை. ஏலம் காட்டு மரங்களின் நிழலில் வளர்வது. ஆகவே தோட்டம் என்று பெயரே தவிர, உள்ளே நின்றால் பாதி காடுதான். மக்கிக் கிடந்த சருகைக் காலால் புரட்டினேன். அடியில் வெள்ளை வெள்ளையாக நூல். பஞ்சைப் பிரித்துப் போட்டதுபோல சருகிலிருந்து சருகுக்கு, சருகிலிருந்து வேருக்கு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதோ பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பூசணம் சார். எல மக்குது" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

அவள் சொன்னதுதான் சரி என்பது பின்னால்தான் தெரிந்தது. சருகடியில் கண்ணுக்குத் தெரிகிற அந்த வெள்ளை நூல்கள் பெரும்பாலும் செத்த இலையைத் தின்று வாழும் பூசணங்கள். அவை இல்லாவிட்டால் காடு சருகில் மூழ்கிப்போகும். ஆனால் அவை மரத்தோடு மரத்தைக் கோப்பவை அல்ல. நம் மலைகளின் பெரும்பாலான மரங்களோடும் ஏலத்தோடும் உறவு கொண்டிருக்கும் பூசணம் வேறு ஜாதி. அது வேருக்குள்ளேயே புகுந்து, வேரின் உயிரணுவுக்குள் ஒரு குட்டி மரம்போலக் கிளைவிடுகிறது. வெளியே மண்ணில் ஓடும் அதன் இழை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். சாயமேற்றிப் பூதக்கண்ணாடியில் வைத்தாலொழிய அதை யாரும் பார்க்க முடியாது. ஆக, நான் பார்த்துச் சிலிர்த்தது ஒன்று, எழுதியது வேறொன்று. நம் கவிதைகளில் 'தரிசனம்' என்ற சொல் புழங்கும் இடங்களில் எத்தனை இப்படி இருக்குமோ.

இந்தப் பள்ளத்தாக்கில் பூசணம் என்றால் எதிரி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடித்து நீலம் பூத்த திராட்சை இலைகளுக்கு அடியில்தான் நான் வளர்ந்தேன். அடிச்சாம்பல் வந்தால் கொத்து போச்சு. வாழையில் வாடல் வந்தால் குலை போச்சு. அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று வேருக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கிறது என்பதை 1885இல் சொன்னவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர். பணக்காரர்கள் விரும்பித் தின்னும் ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானைப் பயிர் செய்ய முடியுமா என்று பிரஷ்ய அரசுக்காக ஆராயப் போனவர், காளானை விட்டுவிட்டு வேரைப் பிடித்துக்கொண்டார். பூசணத்துக்கும் வேருக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். நம் வேளாண்மைக்காரர்கள் 'வேர் உட்பூசணம்' என்கிறார்கள், நல்ல தமிழ். இழை மண்ணில் தேடி பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. செடி வெயிலில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைகளில், நாற்பது கோடி வருஷத்துக்கு முந்திய செடிகளின் உடலுக்குள்ளேயே இந்தப் பூசணம் கல்லாகி இருக்கிறது. வேர் என்ற உறுப்பு சரியாக உருவாகாத காலத்திலேயே உறவு இருந்திருக்கிறது. இதுவரை தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில். ஒரே பூசணம் இரண்டு மரங்களின் வேரைப் பற்றியிருக்கலாம். பற்றியிருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரக்கு போகலாம். இந்த இரண்டு 'லாம்'களின் மேல்தான் 'காட்டின் அறம்' நின்றது.

1997இல் சூஸன் சிமார்ட் என்ற கனடியப் பெண்மணி, 'நேச்சர்' பத்திரிகையில் ஐந்து பேருடன் சேர்ந்து ஒரு சோதனையைப் பிரசுரித்தார். லஞ்ச ஒழிப்புப் போலீஸ்காரர்கள் ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புவார்களே, கிட்டத்தட்ட அதே முறை. பிர்ச் கன்றுக்கு ஒருவகைக் குறியிட்ட கரி; பக்கத்து டக்ளஸ் ஃபர் கன்றுக்கு இன்னொரு வகை. சில நாள் கழித்து எந்தக் குறி எங்கே போயிருக்கிறது என்று பார்த்தார்கள். இரு பக்கமும் போயிருந்தது. ஆனால் கழித்துப் பார்த்தால் ஃபர் கன்றுக்கு லாபம். அது தானே வெயிலில் பெற்றதில் சராசரி 6 சதவிகிதம் அளவுக்கு. நிழலில் வைத்த ஃபர் அதிகமாகவே பெற்றிருந்தது. 'நேச்சர்' இதை அட்டையில் போட்டு, உலகளாவிய வலைக்கு எதிரொலியாகக் காட்டளாவிய வலை என்று பெயரும் சூட்டிவிட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பெயரின் வேலை. 2021இல் சிமார்ட் எழுதிய சுயசரிதையின் தலைப்பிலேயே தாய்மரம் வந்துவிட்டது.

கவுண்டரில் உட்கார்ந்து பதினோரு வருஷம் வரவு செலவு பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே சில சந்தேகங்கள் முதலிலேயே வந்திருக்க வேண்டும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போயிருப்பதைப் பேரேடு காட்டும். அது அன்பளிப்பா, கடனா, கூலியா, திருட்டா என்று பேரேடு காட்டாது. அதற்கு வவுச்சர் வேண்டும். அந்தச் சோதனையிலேயே, இந்தப் பூசணத்தோடு தொடர்பில்லாத செடார் கன்று ஒன்றும் அருகில் நடப்பட்டிருந்தது. அதிலும் சிறிதளவு குறியிட்ட கரி வந்திருந்தது. அப்படியானால் கொஞ்சமாவது மண் வழியாகவே கசிந்திருக்கிறது. இதை அவர்கள் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே சொன்னார்கள். மேற்கோள் காட்டியவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். நான் உட்பட.

2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹெக்ஸிமா என்ற மூவர் இத்தனை வருஷ ஆய்வுகளையும் உட்கார்ந்து சரிபார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காடெங்கும் இப்படிப்பட்ட இணைப்பு இருக்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. இணைப்பு வழியே வந்த சரக்கால்தான் கன்று செழித்தது என்பதற்கு வேறு விளக்கங்களும் பொருந்துகின்றன. தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் நடத்திய எந்த ஆய்வும் சான்றாக இல்லை. சாராம்சம் இவ்வளவுதான். இவர்களில் மெலனி ஜோன்ஸ், 1997ஆம் வருஷக் கட்டுரையில் கையெழுத்திட்ட ஆறு பேரில் ஒருவர். இருபத்தாறு வருஷம் கழித்து, தன் பெயரை உலகறியச் செய்த தாளின்மேல் எழுப்பப்பட்ட மாளிகையைத் தானே இன்னொரு தாளில் தட்டிப் பார்த்திருக்கிறார். தாய்மரத்தை விட இந்தக் காரியம்தான் எனக்கு இன்று பெரிதாகப் படுகிறது. தமிழில் ஒரு விமர்சகன் தன் பழைய அபிப்ராயத்தை மாற்றிக்கொண்டால், அவனை யார் விலைக்கு வாங்கினார்கள் என்றுதான் முதலில் விசாரிப்போம்.

(அடிக்கட்டை விஷயம் வேறு. 2019இல் நியூஸிலாந்தில் இலையே இல்லாத ஒரு கௌரி மரக்கட்டை உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். அது வேரோடு வேர் ஒட்டிக்கொண்டதால் என்று கருதப்படுகிறது. பூசணத்துக்கு அதில் புகழ் சேராது.)

இன்னொன்று. அந்தக் கனடிய மரங்களின் பூசணம் வேருக்கு வெளியே உறைபோடுகிற வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த வகையைத் தேட வேண்டுமானால் வெள்ளைக்குங்கிலியம் போன்ற மரங்களிடம் போக வேண்டும். குடகில் உப்பங்கலா என்ற இடத்தின் காட்டில், அத்தகைய மரங்களின் கீழ் முளைக்கும் காளான்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆராய்ந்து 2005இல் எழுதியிருக்கிறார்கள். மற்றபடி நம் மரங்களில் பெரும்பாலானவை உட்பூசணத்தைச் சேர்ந்தவை. அந்த வகையில், ஒரு செடியிலிருந்து போகும் கரி அடுத்த செடியின் வேர்வரை வந்தாலும், அங்கேயும் பூசணத்தின் உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டிய சோதனைகள் உண்டு. மேகமலையைப் பற்றி எழுதும்போது நான் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்றாகிறது. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு இது புதிதல்ல. டாஃபடில் பூவைப் பார்க்காமலே அதைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதியவர்கள் நாங்கள்.

சரி, தாய் போனாள். அடுத்து வந்து நிற்பவன் வியாபாரி. 2011இல் டோபி கியர்ஸ் முதலானோர் காட்டினார்கள்: பாஸ்பரஸ் அதிகம் கொடுக்கும் பூசணத்துக்குச் செடி அதிகம் சர்க்கரை கொடுக்கிறது, பூசணமும் அப்படியே, நன்றாகக் கொடுக்கும் வேருக்கு அதிகம் கொடுக்கிறது. உடனே 'உயிரியல் சந்தை' என்று ஒரு பெயர். இது தாயை விடக் கறாரான விஞ்ஞானம் போலத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவு சரியாக இருக்கலாம்; சந்தை என்ற சொல் மட்டும் எங்கிருந்து வந்தது? டார்வின் தன் போராட்டத்துக்கு மால்தஸிடம் கடன் வாங்கினார். சைபீரியாவில் மிருகங்களைப் பார்த்துவிட்டு வந்த க்ரோபாட்கின், 1902இல் 'பரஸ்பர உதவி' என்ற புத்தகத்தைப் போட்டார். அவர் கண்டதற்கும் அவருடைய அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு காலமும் தன் வீட்டுச் சண்டையைக் காட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து தீர்ப்பாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இயற்கைமேல் நம் உணர்ச்சியை ஏற்றுவதை ரஸ்கின் 1856இலேயே ஒரு பிழையாகப் பெயரிட்டுக் கண்டித்தார். நாம் செய்வது அதை விட மோசம். உணர்ச்சியை ஏற்றுவதோடு நிற்காமல், அதை நிரூபணம் என்று கையில் வாங்கிக்கொள்கிறோம்.

காட்டிலிருந்து அறத்தைப் படிப்பதாக இருந்தால் முழுப் பாடத்தையும் படிக்க வேண்டும். பச்சையமே இல்லாத ஆர்க்கிட்கள் உண்டு. அவை பூசணத்திடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கின்றன. பதிலுக்கு எதுவும் கொடுப்பதாகத் தெரியவில்லை. நம் மலையில் அத்தி வகை மரங்கள் சில, பறவை எச்சத்தில் வந்து இன்னொரு மரத்தின் கிளையில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, தாங்கிய மரத்தையே நெரித்துவிடும். தாய்மரத்தை மேற்கோள் காட்டுகிறவன் இதையும் காட்டுவானா? மாட்டான். முன்னாலேயே தீர்மானித்துவிட்டுத்தான் காட்டுக்குள் போனான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கம்பம் பள்ளத்தாக்கே ஒருவகையில் நிழலில் வைத்த கன்றுதான். மேற்கே போக வேண்டிய பெரியாற்றை அணைகட்டி மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895இல் கிழக்கே திருப்பினார்கள். கண்ணுக்குத் தெரியாமல் மலைக்கடியில் வருகிற தண்ணீரில்தான் எங்கள் நெல். இது தர்மமா, வியாபாரமா? 1886ஆம் வருஷ ஒப்பந்தத்தில் திருவிதாங்கூர் 8000 ஏக்கரை 999 வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டது, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம். 1970இல் அது 30 ரூபாயானது. நல்ல காலத்தில் மேடைகளில் சகோதரம் பேசுவார்கள். 2011 டிசம்பரில் குமுளி எல்லை அடைபட்டபோது அந்தச் சகோதரம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போன எங்கள் பெண்கள் பயந்து இறங்கி வந்தார்கள், இந்தப் பக்கமும் மலையாளிகளின் கடைகளுக்குப் பாதுகாப்பில்லாமல் போயிற்று. ஒப்பந்தம் மட்டும் ரத்தாகவில்லை. ஆகவே ஒப்பந்தம்தான் உண்மை, மற்றதெல்லாம் பேச்சு என்று முடிவு கட்டலாமா? ஆறேழு வாரம் கழித்து அதே ஜீப்புகளில் அதே பெண்கள் மலையேறினார்கள். கூலிக்காகத்தான். ஆனால் அங்கே லயத்துக்காரி ஒருத்தி தன் வீட்டில் ஒளித்துவைத்துச் சோறு போட்ட கதையையும் அவர்களில் ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். எந்த ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தில் அதைப் பதிவது?

நற்றிணையில் 172ஆம் பாட்டு நம்மில் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. பெண்கள் அதற்குப் பாலூற்றி வளர்க்கிறார்கள். இது உங்கள் தங்கை, உங்களை விட மேலானவள் என்று தாய் சொல்லிவிடுகிறாள். ஆகவே அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிற நண்பர்கள் இந்தப் பாட்டைத் தாய்மரத்துக்குப் பாட்டியாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. அந்தப் பாட்டில் புன்னை ஒன்றுமே செய்யவில்லை. பேசவில்லை, ஊட்டவில்லை, பால் குடித்ததே அதுதான். அதற்குத் தங்கச்சி ஆகும் உத்தேசம் இருந்ததாகப் புலவர் சொல்லவே இல்லை. உறவு முழுவதும் இந்தப் பக்கம் இருக்கிறது. நாணம் அந்தப் பெண்ணுடையது. மரம் தங்கைதான் என்று நிரூபித்தால்தான் நாணுவேன் என்று அவள் நிற்கவில்லை. தொல்காப்பியர் உள்ளுறை, இறைச்சி என்று வகுத்ததிலும், மரத்தை மனிதனுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாமல் பக்கத்தில் நிற்கவைக்கிற இந்த ஒழுங்கு இருப்பதாக நினைக்கிறேன்.

இனி என் சொந்த விஷயம்.

அப்பாவுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். சொந்தம் எதுவும் கிடையாது. ஆனால் 'பங்காளி' என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவர் வாங்கிய கடன் ஒன்றுக்கு அப்பா ஜாமீன் போட்டார். அவரால் கட்ட முடியவில்லை. 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரனின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. இன்று நான் அதை வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடமாக ஒப்பிக்கிறேன். அன்று அது எங்கள் திராட்சைப் பந்தலாக வந்தது. ஒரு ஏக்கர் இருபது சென்ட். விற்றுக் கட்டினோம். சிநேகிதர் வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார், பிறகு இறந்தும் போனார். அப்பா சாவுக்குப் போய்விட்டு வந்தார்.

காலேஜ் முடித்த வயதில், உலகத்தை விளங்கிக்கொண்டுவிட்ட திமிரில், அப்பாவிடம் கேட்டேன்: "எதுக்குப்பா அன்னைக்கிப் போட்டீங்க?"

"கேட்டான். பேனா சட்டப்பையில இருந்துச்சு."

இதை வெகுகாலம் நான் அசட்டுத்தனம் என்று வைத்திருந்தேன். பிறகு தியாகம் என்று வைத்துக்கொண்டேன். 'காட்டின் அறம்' எழுதியபோது கொடுக்கிற மரத்தின் முகம் எனக்கு அவர் முகமாகவே இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை. தியாகி என்றால் கொடுத்ததை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் அதைப் பேசினதே இல்லை. பதிலுக்கு ஏதும் வரும் என்று கணக்குப் போட்டார் என்றும் சொல்ல முடியாது. வட்டி விகிதம்கூட அவருக்குத் தெரியாது. வங்கியில் சுய உதவிக் குழுக்களைப் பார்க்கிறேன். நபார்டு 1992இல் தொடங்கிய ஏற்பாடு. ஒருத்தியின் தவணையை மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால், "இல்லாட்டி அடுத்த லோன் வராதுல்ல சார்" என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் கட்ட முடியாதவளின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இரவு படுத்திருந்ததும் அவர்களில் ஒருத்திதான்; அதற்கு அடுத்த லோன் கிடையாது. நான் காரணம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர்கள் எனக்குப் புரிகிற காரணத்தைச் சொல்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்பா அதைக்கூடச் சொல்ல மெனக்கெடவில்லை.

போன மாதம் அந்தச் சிநேகிதரின் மகன் கவுண்டருக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். சீட்டு எடுத்திருக்கிறானாம், பணத்தைக் கையில் கொடுக்கச் சம்பளக்காரர் இரண்டு பேர் ஜாமீன் கேட்கிறார்களாம். ஒருவர் கிடைத்துவிட்டார். ஜீப் வாங்கி மலைக்கு ஆள் ஏற்றப் போகிறான். "அண்ணே, உங்களக் கேக்கக் கூடாதுதான்" என்று ஆரம்பித்து, அப்புறம் ஒன்றும் பேசாமல் நின்றான். படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்றேன்.

அன்றிரவுதான் 'காட்டின் அறம்' கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். அது முழுக்க முழுக்கக் கையெழுத்துப் போடச் சொல்கிற கட்டுரை. பிறகு 2023ஆம் வருஷத்து ஆய்வைத் தேடிப் படித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த நிம்மதியைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. கனடாவில் ஒரு ஃபர் கன்றுக்குக் கரி போகவில்லை என்றால், கம்பத்தில் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று ஏதோ ஒரு மூலையில் முடிவு செய்திருக்கிறேன். போயிருந்தால் மட்டும் போட்டிருப்பேனா? காசு திரும்பி வராது என்று பயந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். அது மரியாதையான பயம், எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு எதற்கு நாற்பது கோடி வருஷத்துப் பூசணத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை; இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "யாரு, பங்காளி மகனா? ஜீப்பு பழசா புதுசா?" என்று கேட்டார். பழசு என்றேன். "இஞ்சினப் பாத்து வாங்கச் சொல்லு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

படிவம் மேஜை டிராயரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம்.